நாய் பிஸ்கட் தின்று வளர்ந்த கொசு

எங்கள் ஆய்வகத்தில் விலங்கியல் முதுகலை மாணவர்களின் திட்டக் கட்டுரைகள் ஓர் இரும்பு அலமாரியில் கிடக்கின்றன. கொசுப்புழு வளர்ப்பு பற்றியவை மட்டுமே ஒரு தட்டு நிறைய இருக்கும். எதை எடுத்துப் பிரித்தாலும் கடைசி அத்தியாயத்தில் ஒரே மாதிரி ஒரு வரி வரும்: ஆகவே இன்ன உணவே சிறந்தது. ஒன்றில் நாய் பிஸ்கட்டும் ஈஸ்டும், இன்னொன்றில் மீன் தீவனம், வேறொன்றில் ஈரல் பொடி. நான் பேராசிரியர் அல்ல, ஆய்வக உதவியாளர். ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளியும் பார்க்காமல் அந்தப் புழுக்களுக்குத் தீனி போட்டவன் நான்தான். அந்த உரிமையில் சொல்கிறேன், அந்த வரி என்னை ரொம்ப காலமாக உறுத்திக்கொண்டிருக்கிறது. சிறந்தது என்றால் யாருக்கு, எந்தக் காரியத்துக்கு என்று ஒருவரும் எழுதுவதில்லை.

தமிழ்நாடு–கேரள எல்லையில், களியக்காவிளையிலிருந்து பனச்சமூட்டுப் பக்கம் போகும் வழியில் இருக்கிறது கல்லூரி. பிள்ளைகளில் பாதிப் பேர் பாறசாலை, வெள்ளறடையிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். எல்லைக்கு அந்தப் பக்கமும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் உண்டு, இந்தப் பக்கமும் மலையாளம் கலக்காமல் ஒரு வாக்கியத்தை முடிக்கத் தெரியாதவர்கள் உண்டு. 2021 ஜூலையில் கண்டறியப்பட்ட கேரளத்தின் முதல் ஜிகா நோயாளி பாறசாலைக்காரர்தான். அதற்குப் பிறகு கொசு என்றால் எங்கள் துறையில் திட்டத் தலைப்புக்குப் பஞ்சமே இல்லை. அதற்கு முன்பும் இல்லைதான். 2006, 2007 வாக்கில் சிக்குன்குனியா கேரளத்து ரப்பர் ஊர்களை முடக்கிப் போட்டபோது, இங்கே குலசேகரம், அருமனைப் பக்கத்துப் பால்வெட்டுக்காரர்களும் மூட்டுகளைப் பிடித்துக்கொண்டு நடந்ததைப் பார்த்திருக்கிறேன். என் அம்மையும் அதில் ஒருத்தி. அவளுக்கு என் வேலையை விளக்குவது இன்றுவரை முடியவில்லை. "கொசுவக் கொல்ல சர்க்காரு ஆள விட்டுப் புகையடிக்கி, நீ அதுக்குத் தீனி போட்டு வளக்கியாலே?" என்பாள். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கவும் கொசு வேண்டுமே அம்மா என்று நான் சொல்லும் பதில் அவளுக்கு ஒருபோதும் எடுபட்டதில்லை.

தண்ணீரில் என்ன போடுகிறோம்

கொசுப்புழுவை வளர்ப்பது எளிது, ஒழுங்காக வளர்ப்பது கஷ்டம். டெங்கு, சிக்குன்குனியா பரப்பும் ஏடிஸ் வகைக் கொசுவின் முட்டைகள் வடிதாளில் ஒட்டிக் காய்ந்த நிலையில் மாதக்கணக்காகக் கிடக்கும். அவற்றைப் பொரிக்க வைக்கும் முதல் சைகை, தண்ணீரில் பிராணவாயு குறைவது. அதனால் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரிலோ, முந்தின நாள் இரவே ஒரு சிட்டிகை ஈஸ்ட் போட்டு வைத்த தண்ணீரிலோ தாளை அமிழ்த்துவோம். நுண்ணுயிர் பெருகிப் பிராணவாயுவை உறிஞ்சியிருக்கிறது என்றால் தின்ன ஏதோ இருக்கிறது என்று பொருள். முட்டைக்குள் இருக்கும் புழு அதைக் கண்டுகொள்கிறது. அதன் பிறகு புழுவுக்கு நான்கு பருவம். 27 டிகிரி வெப்பத்தில் வயிறார உணவு கிடைத்தால் ஒரு வாரத்துக்குள் கூட்டுப்புழுவாகிவிடும். கூட்டுப்புழு எதையும் தின்னாது. இரண்டு நாளில் முதுகு பிளந்து கொசு வெளியே வரும். அந்தக் கொசுவின் இறக்கை, கால், உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பு எல்லாம் புழுப் பருவத்தில் தின்றதிலிருந்து வந்தவை. ஆண் கொசுவுக்கு இது இன்னும் கறாரான கணக்கு. அது வாழ்நாள் முழுக்க இனிப்பு நீரைத் தவிர வேறொன்றும் உறிஞ்சாது; அதன் உடம்புக்குப் புரதம் சேரும் காலம் புழுக்காலம் மட்டும்தான்.

தீனியில் எல்லா ஆய்வகத்துக்கும் ஒரு வழக்கம் இருக்கும். இந்தியாவில் பெரும்பாலும் பொடித்த நாய் பிஸ்கட்டும் ஈஸ்டும். மூன்றுக்கு இரண்டு, மூன்றுக்கு ஒன்று என்று கலவை இடத்துக்கு இடம் மாறும். மருந்துக் கடையிலும் மளிகைக் கடையிலும் கிடைத்துவிடுவதுதான் அதன் முதல் பெருமை என்பது என் சொந்த அபிப்பிராயம். வியன்னாவுக்குப் பக்கத்தில் சைபர்ஸ்டோர்ஃப் என்ற இடத்தில் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வகம் இருக்கிறது. ஆண் கொசுக்களை மலடாக்கி வெளியே விடும் முறைக்காக அங்கே லட்சக்கணக்கில் வளர்க்கிறார்கள். அவர்களுடைய கலவையில் சூரை மீன் மாவு, மாட்டு ஈரல் பொடி, ஈஸ்ட் மூன்றும் உண்டு. ஈரல் பொடி விலை கட்டுப்படியாகாமல் போனபோது, கறுப்புப் படைவீரன் ஈ என்கிற பூச்சியின் புழுவைக் காயவைத்துப் பொடித்து அதற்குப் பதிலாகப் போட்டுப் பார்த்தார்கள். பூச்சியை வளர்க்கப் பூச்சியையே தீனியாக்குவது. புதுச்சேரியில், டெங்கு வைரஸைக் கொசுவுக்குள் பெருகவிடாத வோல்பாகியா பாக்டீரியாவைச் சுமக்கும் ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியவர்களுக்கும் இந்தக் கவலை எல்லாம் இருந்திருக்கும். வெளியே விடுகிற கொசு வெளியில் இருக்கிற கொசுவோடு போட்டி போட வேண்டும் அல்லவா.

இனத்துக்கு இனம் பந்தி வேறு. மலேரியா பரப்பும் அனோபிலிஸ் கொசுவின் புழு நீர்ப்பரப்பில் படுக்கையாகக் கிடந்து மிதக்கும் பொடியை வழித்துத் தின்னும். ஏடிஸ் அடியிலும் ஓரத்திலும் மேய்ந்துவிட்டு, மூச்சுக்கு மட்டும் வாலோரக் குழாயை மேலே நீட்டும். ஆகவே ஒரே பொடியை எவ்வளவு நைசாக அரைத்தீர்கள் என்பதைப் பொறுத்தே அது உணவா குப்பையா என்பது முடிவாகிறது. அதிகம் போட்டாலோ அதைவிடக் கேடு. மறுநாள் காலையில் தண்ணீர்மேல் பாலாடை மாதிரி ஒரு படலம் கட்டியிருக்கும், வாடை வரும், புழு மூச்சடைத்துச் செத்துக் கிடக்கும். தெளிந்த தண்ணீர் என்றால் பசி, லேசான கலங்கல் என்றால் சரி, நாறினால் தீர்ந்தது. இதெல்லாம் எந்தக் கட்டுரையிலும் அட்டவணையாக வராது, தீனி போடுகிற கைக்கு மட்டும் தெரியும்.

ஈஸ்ட் தட்டு

சில வருஷம் முன்பு வெள்ளறடையிலிருந்து வந்த ஒரு மாணவி ஐந்து வகைத் தீனியை எடுத்துக்கொண்டாள். வழக்கமான பிஸ்கட்–ஈஸ்ட், கடையில் வாங்கும் மீன் தீவனம், ஈஸ்ட் மட்டும், சாளைக் கருவாட்டுப் பொடி, ரப்பர் இலை ஊறிய தண்ணீர். கடைசி இரண்டும் அவளுடைய யோசனை. புழு எடுத்ததே ரப்பர்க் காட்டில் பால் பிடிக்கும் சிரட்டையில் தேங்கிய தண்ணீரிலிருந்து, அங்கே அதற்கு என்ன கிடைக்கிறதோ அதையே கொடுத்துப் பார்க்கலாமே என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அந்த ஒரு கேள்வியால்தான். இனம், ஏடிஸ் வகையைச் சேர்ந்த ஆசியப் புலிக்கொசு. கறுப்பு உடம்பில் நடுமுதுகில் ஒற்றை வெள்ளைக் கோடு போட்டது. எங்கள் பக்கத்துத் தோட்டத்துக் கொசு.

கருவாட்டுத் தட்டு முதலிலேயே தொல்லை கொடுத்தது. உப்பை அலசிக் காயவைத்து அரைத்தும், சாளையின் எண்ணெய் தண்ணீர்மேல் பளபளவென்று பரவிவிட்டது. குழாயை மேலே நீட்ட முடியாமல் புழு சாகிறது. தேங்கிய தண்ணீரில் ஊழியர்கள் கழிவு எண்ணெய் ஊற்றிப் புழுவைக் கொல்லும் வேலையை எங்கள் கருவாடு இலவசமாகச் செய்துவிட்டது. பொடியை வெந்நீரில் ஊறவைத்து மேலே மிதந்த நெய்யை வழித்தெடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டபோது சரியானது.

ஈஸ்ட் தட்டில் அப்படி ஒரு தொல்லையும் இல்லை. பிஸ்கட் தட்டைவிடச் சற்றுத் தாமதம், அவ்வளவுதான். கூட்டுப்புழுக்களைச் சின்னக் கிண்ணங்களில் எடுத்து வலைக்கூண்டுக்குள் வைத்தோம். மறுநாள் காலை அவள் நோட்டுடன் கூண்டுமுன் உட்கார்ந்திருந்தாள், எழுதவில்லை. "சேட்டா, இத வந்ததுன்னு எழுதலாமா?" என்றாள். குனிந்து பார்த்தேன். கிண்ணத்துத் தண்ணீரில் கொசுக்கள் நின்றன. தோல் உரித்து முழுசாக வெளியே வந்தவை. இறக்கை விரிந்து காய்ந்திருந்தது. கூண்டைத் தட்டினால் மற்றக் கூண்டுகளில் எல்லாம் ஒரு மேகம் போலக் கிளம்பும், இதில் சிலது மட்டும் கிளம்பின. மற்றவை நடந்தன, எழும்பப் பார்த்து விழுந்தன, மறுபடியும் நின்றன. சாயங்காலம் பார்க்கும்போது பலது அதே தண்ணீரில் ஒட்டிச் செத்துக் கிடந்தன.

அவளுடைய நோட்டில் பத்திகள் இருந்தன: பொரித்தவை, கூட்டுப்புழுவானவை, முழுக்கொசுவாக வந்தவை. பறந்தவை என்று ஒரு பத்தி இல்லை. யாருடைய நோட்டிலும் இருந்ததில்லை. எத்தனை நாளில் எத்தனை சதவீதம் கூட்டுப்புழுவானது என்பதை வைத்தே எல்லோரும் உணவுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் ஈஸ்ட் தட்டு தேறிவிடும். கணக்குக்கு வெளியே பார்த்தால் அந்தக் கூண்டில் இருந்தது கொசுவின் உருவம் மட்டும்தான்.

துறையில் ஓர் ஆசிரியர் பழைய ஆய்வு ஒன்றைச் சொன்னார். டாட் என்ற பூச்சியியலாளர் 1970களில் கியூலெக்ஸ் பிப்பியன்ஸ் என்ற வேறொரு கொசுவின் புழுக்களுக்கு நுண்ணுயிரே இல்லாத செயற்கை உணவு கொடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு பொருளாக நீக்கிப் பார்த்திருக்கிறார். அராக்கிடோனிக் அமிலம் போன்ற நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலம் இல்லாவிட்டால், புழு வளர்கிறது, கொசுவும் வெளியே வருகிறது, பறக்க மட்டும் முடிவதில்லை. ஈஸ்டில் அந்த வகைக் கொழுப்பு கிடையாது. மீனில் உண்டு. சைபர்ஸ்டோர்ஃப் கலவையில் சூரை மாவு ஏன் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எங்களுடையது வேறு இனம், எங்கள் தண்ணீரில் நுண்ணுயிரும் உண்டு, கொழுப்பு அமிலத்தை அளக்க எங்களிடம் கருவியும் இல்லை. அதனால் எங்கள் தட்டில் நடந்ததும் அதுதான் என்று அவள் எழுதவில்லை, எழுத விடவும் இல்லை. ஆனால் நோட்டில் புதிதாக ஒரு பத்தி கோடு போட்டாள். எழும்பிப் பறந்தவை.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. எந்தத் தட்டிலும் முதலில் கூட்டுப்புழுவாகிறவை ஆண்கள். பெண் புழு அதிக எடை சேர்த்தாக வேண்டும், அதனால் ஒன்றிரண்டு நாள் பிந்தும். தீனி குறைந்தால் அந்த இடைவெளி இன்னும் நீளும். பெண் கூட்டுப்புழு பெரிது, ஆண் சிறிது. இந்த வித்தியாசத்தை வைத்தே இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையில் விட்டு ஆண்–பெண் பிரிக்கும் கருவி உண்டு. சரி, முதல் பாதி எத்தனை நாளில் கூட்டுப்புழுவானது என்று பார்த்து "வேகமான உணவு" எது என்று தீர்மானித்தால், அந்தத் தீர்ப்பில் பெரும்பங்கு ஆண் கொசுவுடையது. கடிக்காத, நோய் பரப்பாத ஆண் கொசு. அலமாரித் தட்டு நிறைய இருக்கும் கட்டுரைகளில் எத்தனை இப்படிப் பாதிக் கொசுவுக்கு மட்டும் எழுதப்பட்ட தீர்ப்போ.

சிரட்டைத் தண்ணீர்

ரப்பர் இலைத் தட்டுதான் எல்லாவற்றிலும் பின்தங்கியது. புழு இலையைத் தின்பதில்லை. இலைமேல் வளரும் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் சுரண்டித் தின்கிறது. அதனால் இலை எவ்வளவு சீக்கிரம் அழுகுகிறதோ அதைப் பொறுத்தது அதன் சாப்பாடு. பாக்டீரியா வெறும் தீனியாக மட்டும் இருப்பதில்லை என்பதும் இப்போது தெரிந்திருக்கிறது. முட்டையைக் கிருமி நீக்கி, கிருமி நீக்கிய உணவில் விட்டால் ஏடிஸ் புழு முதல் பருவத்தைத் தாண்டவில்லை என்று 2014ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் செய்த ஆய்வு சொன்னது. உயிருள்ள பாக்டீரியாவைச் சேர்த்ததும் வளர்ந்தது. ஆனால் வில்லியம் டிராகர் 1935லேயே நுண்ணுயிர் இல்லாத உணவில் கொசுப்புழுவை வளர்த்துக் காட்டியிருக்கிறார். பிற்காலத்தில், 1976ல், மலேரியா ஒட்டுண்ணியைக் குடுவையில் வளர்த்தவரும் அவரே. இந்த முரண்பாட்டுக்கு 2021ல் வந்த விளக்கங்களில் ஒன்று, ரைபோஃபிளேவின். வெளிச்சம் பட்டால் சிதைந்துபோகும் வைட்டமின் அது. பாக்டீரியா அதைத் தொடர்ந்து செய்துகொடுக்கிறது. பாக்டீரியா இல்லாத தட்டை இருட்டில் வைத்து அந்த வைட்டமினையும் கொடுத்தால் புழு வளர்கிறது. இதைப் படித்ததிலிருந்து ஜன்னலோரத் தட்டுக்கும் உள்தட்டுக்கும் வித்தியாசம் வந்தால் வெப்பத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

இலைத் தட்டில் ஒரே நாளில் பொரித்த புழுக்கள் ஒரே தட்டில் மூன்று பருவங்களில் நின்றன. பிஸ்கட் தட்டில் எல்லாம் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி ஒன்றாக வளர்ந்துவிடும். இலைத் தட்டிலிருந்து கடைசியில் வந்த கொசுக்கள் சின்னவை. நாங்கள் ரத்தம் கொடுத்து முட்டை எண்ணவில்லை, அதற்கான அனுமதி எல்லாம் பெரிய ஆய்வகங்களுக்கு உரியது. இறக்கை நீளத்தைத்தான் அளந்தோம், உடம்பின் பருமனுக்கு அதுவே வழக்கமான அளவுகோல். பிஸ்கட் பெண்ணின் இறக்கைக்குப் பக்கத்தில் இலைப் பெண்ணின் இறக்கையை வைத்தால் நுண்ணோக்கியே வேண்டாம், கண்ணுக்கே தெரியும். ஆனால் அவை பறந்தன. தட்டியதும் கிளம்பின.

சின்னக் கொசு என்றால் பலவீனம், பலவீனம் என்றால் நமக்கு நல்லது என்றுதான் யாரும் நினைப்பார்கள். பெரிய பெண் அதிக ரத்தம் குடிக்கிறது, அதிக முட்டை இடுகிறது, அது சரி. ஆனால் புழுப் பருவத்தில் சேமிப்பு இல்லாத சின்னப் பெண்ணுக்கு ஒரு தடவை குடித்த ரத்தம் முட்டைக்குப் போதாமல் போகலாம், மறுபடியும் கடிக்கத் தேடி வரும். அமெரிக்காவில் 2008ல் ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி போனது. புழுக்களை நெருக்கிப் போட்டு, தீனிக்கு அடித்துக்கொள்ளும்படி வளர்த்து, வந்த கொசுக்களுக்கு டெங்கு வைரஸ் கலந்த ரத்தம் கொடுத்தார்கள். புலிக்கொசுவில், புழுக்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கியபோது உடம்பெங்கும் வைரஸ் பரவிய கொசுக்களின் விகிதம் முன்பைவிட 60 சதவீதத்துக்கும் மேல் கூடியது. டெங்குவை முக்கியமாகப் பரப்பும் இன்னொரு இனமான ஏடிஸ் எஜிப்டியில் அப்படி நடக்கவில்லை. எங்கள் தோட்டத்துக் கொசுவில்தான் நடந்தது. பட்டினியில் வளர்ந்த உடம்பில் வைரஸைத் தடுக்கும் சுவர் மெலிந்துவிடுகிறது போலும் என்பது அவர்களுடைய ஊகம்.

அப்படியென்றால் சிரட்டையில் பாதிப் பட்டினியில் வளர்கிற கொசு ஒன்று, நம் தட்டில் பிஸ்கட் தின்று கொழுக்கிற கொசு ஒன்று. புழுக்கொல்லி மருந்தைச் சோதிப்பது இரண்டாவதில். உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி ஒரு கோப்பையில் 100 மில்லி தண்ணீர், 25 புழு, மூன்றாம் பருவத்தின் இறுதியிலோ நான்காம் பருவத்தின் தொடக்கத்திலோ இருப்பவை. மருந்து போடாத கோப்பையில் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டுப்புழுவானால் சோதனையே செல்லாது. இந்த ஒழுங்குக்கு பிஸ்கட் தட்டு தேவை, அதை நான் மறுக்கவில்லை. ஒரே வயதுப் புழு ஐந்நூறு நாளைக் காலையில் வேண்டும் என்று சொல்கிறவர்களுக்கு நான் இலைத் தண்ணீரில் வளர்த்துக் கொடுக்க முடியாது. நன்றாகத் தின்ற புழு மருந்தையும் கூடுதலாகத் தாங்கும் என்பதால் அதில் ஒரு பாதுகாப்புக்கூட இருக்கிறது. கொழுத்ததைக் கொல்லும் அளவு மெலிந்ததையும் கொல்லும். என் சண்டை அந்தத் தீனியோடு அல்ல, அதைச் "சிறந்தது" என்று முடித்துவிடும் வரியோடு.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்தவர் அவளிடம் எந்த உணவு சிறந்தது என்றுதான் கேட்டார். சோதனைக்குப் புழு வேண்டுமென்றால் பிஸ்கட், வெளியே விட ஆண் கொசு வேண்டுமென்றால் மீன் சேர்ந்த கலவை, தோட்டத்தில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் இலைத் தண்ணீர் என்றாள். ஒன்றைச் சொல்லும்மா என்றார். அவள் சொல்லவில்லை. மதிப்பெண் குறைந்ததா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. கட்டுரை அலமாரியில் இருக்கிறது, எழும்பிப் பறந்தவை என்ற பத்தியோடு.

இப்போது முழுக்கொசு தேவைப்படும் பிள்ளைகளுக்குப் பிஸ்கட்–ஈஸ்டுடன் நெய் வழித்த கருவாட்டுப் பொடி கொஞ்சம் சேர்த்தே போடுகிறேன். ஆய்வகம் முழுக்கக் கருவாட்டு வாடை என்று தாவரவியல் துறையிலிருந்து புகார் வந்திருக்கிறது. இந்த வருஷம் அருமனைப் பையன் ஒருவன், இலைத் தண்ணீரில் வளர்ந்த புழுக்களிலும் பிஸ்கட் புழுக்களிலும் டெமிஃபாஸ் என்ற புழுக்கொல்லி மருந்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறான். நல்ல காரியம். ஆனால் இலைத் தட்டுகளிலிருந்து ஒரே பருவத்தில் அத்தனை புழுவைப் பொறுக்கி எடுக்க இருக்கிற தட்டுகள் போதாது. மேலும் தட்டு வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம் என்கிறார்கள். மழை அதற்குள் முடிந்துவிடும், மக்ளே, வீட்டில் பழைய எவர்சில்வர் தாம்பாளம் இருந்தால் கொண்டுவா என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.